பூ எடுக்காத சோளம்

மூட்டைத் தீவனம் இனி வாங்குவதில்லை என்று டிரைவர் முடிவு கட்டியது விலை ஏறிப்போனதால் அல்ல. விலையும் ஏறித்தான் இருந்தது, அது வேறு கதை. ஒவ்வொரு மூட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவர அவன் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. அதுதான் காரணம்.

அவனை எல்லோரும் இன்னமும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். லாரியைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது முதல் வலிப்பு வந்தது. நல்லவேளை, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது வரவில்லையே என்று வந்து பார்த்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்தது வந்ததும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கும் அடுத்ததில் லைசென்ஸ் போயிற்று. சைக்கிள்கூட மிதிக்கக் கூடாது என்று நரம்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டார் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். அவனும் கூப்பிடுவதை நிறுத்தினான்.

வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். கட்டிக்கொண்டவன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தக் கிளம்பிவிட, பெற்றவர்கள் விட்டுப்போன இந்த இரண்டு அறை வீட்டுக்கே ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஊருக்கு அவள் லாண்டரியக்கா. விடியும்போதே கிளம்பிப் போய், ஆபரேஷன் தியேட்டர் துணிகளையும் வார்டு விரிப்புகளையும் கறை பார்த்துப் பிரித்து, கொதிக்கிற மெஷின்களில் போட்டு எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஏறி வீடு வருவாள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகளில் ரேகையே தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மாட்டுக்கொட்டகை. அதற்கும் பின்னால் கிணறு. கிணற்றைத் தாண்டி, சாக்கடை வாய்க்கால் வரைக்கும் நீளவாக்கில் ஒரு நிலத்துண்டு. மாடு இரண்டு. ஒன்று பெரியவள்; சாது, கறக்க நின்றால் பாத்திரம் நிறையும் வரை காலை அசைக்க மாட்டாள். இன்னொன்று வாயாடி. காக்கா பறந்தாலும் கத்தும், காற்று அடித்தாலும் கத்தும். பெரியவளின் கன்று ஒன்று, கிடேரி, வளர்ந்துகொண்டிருந்தது.

தீவனக் கடையில் புதிதாகச் சேர்ந்த கணக்கர் ஒருவர் ஆளைத் தெரியாமல் சொல்லிவிட்டார்.

"என்ன டிரைவர், மூட்டைய இப்படி அங்கேயும் இங்கேயும் ஆள் தேடிக்கிட்டு நிக்கிறீங்க? வண்டிய எடுத்துட்டு வந்து நீங்களே ஏத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

கடையில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். டிரைவர் மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். அக்கா வந்ததும் சொன்னான்.

"இனிமே அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன்க்கா. நம்ம மாட்டுக்கு என்ன வேணுமோ அத நானே போட்டு வளர்க்கிறேன்."

"உனக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியுமாடா?"

"கியர் போடவும்தான் ஒரு காலத்துல தெரியாது."

அக்கா சிரித்தாள். அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் எதையாவது செய்ய வேண்டும் என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் போன புதிதில் அவன் பொழுது முழுக்கக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவளைப் பார்த்து, "என் கையில எதைக் குடுத்தாலும் ஆபத்துதான், இல்லக்கா?" என்று சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டான். அன்றிலிருந்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதெல்லாம் பாதி மனசு கிணற்றடியில் இருந்தது.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யாரிடமோ தீவனப்புல் கரணை கேட்டு வாங்கி வந்து, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலுமாகச் சாய்த்துச் சாய்த்து நட்டான். அடுத்த பாத்தியில் மக்காச்சோளமும் ஊடே காராமணியும். வாய்க்கால் ஓரமாகச் சோளம். கொட்டகைக்குப் பக்கத்தில் குழி தோண்டித் தார்ப்பாய் விரித்து, சாணித் தண்ணீர் கரைத்து ஊற்றி, மாட்டுக்குப் போடும் அசோலாப் பாசியை விட்டான். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல அது தண்ணீரை மூடிக்கொண்டது. மக்காச்சோளம் பால் பிடித்ததும் தட்டையோடு வெட்டி, பொடிப்பொடியாக நறுக்கி, நீல டிரம்மில் போட்டு ஏறி மிதித்து, காற்று போகாமல் மூடி வைத்தான். மாதம் கழித்துத் திறந்தால் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு வரப் பார்த்தன.

"மனுஷிக்குத் தொட்டுக்க ஊறுகாய் இல்ல இந்த வீட்டுல, மாட்டுக்கு டிரம் டிரம்மா ஊறுகாய்" என்றாள் அக்கா.

"நீயும் ஒரு வாய் எடுத்துக்கோ. கறக்க ஆரம்பிச்சுருவே."

"போடா."

அந்த ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பால் கூடியது. காலையிலும் சாயங்காலமும் கேன் கட்டிய மோட்டார் சைக்கிளில் வரும் பால்காரர், "டிரைவர், மாட்டுக்கு என்ன போடுறீங்க, எனக்கும் கொஞ்சம் போடுங்க" என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்வார். டிரைவரும் தினமும் சிரிப்பான். வேலை செய்த களைப்பில் தூக்கம் வந்தது. வலிப்பும் குறைந்திருந்தது. வந்தாலும் முன்போல அடித்துப்போடுவதில்லை. ஆனால் வந்து போன பிறகு ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே, அவன் அவனாக இருக்க மாட்டான். கண் திறந்திருக்கும், நடப்பான், எதையாவது எடுப்பான் வைப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஒருமுறை சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தான். ஒருமுறை வாசலில் நின்று லாரிச் சாவியைத் தேடிப் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவினான். பிறகு தூங்கிவிடுவான். எழுந்தால் ஒன்றுமே ஞாபகம் இருக்காது. "கை பழகுனதைச் செய்யும். மனசு அங்க இருக்காது" என்று நரம்பு டாக்டர் அக்காவிடம் விளக்கியிருந்தார். அவனிடம் அவள் அதை விளக்கவில்லை. சட்டையோடு குளித்ததைக்கூட, மழையில் நனைந்துவிட்டாய் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அடுத்த வருஷம் வானம் கைவிட்டது. கிணற்றில் மோட்டார் சேற்றை இழுத்தது. இருந்த தண்ணீரைத் தீவனப்புல்லுக்கு விட்டு, சோளத்தைத் தலைமுழுகிவிட்டான் டிரைவர். அது முழங்கால் உயரத்தோடு நின்றுபோனது. இலைகள் பீடி சுற்றியதுபோலச் சுருண்டுகொண்டன. அப்படியும் புல்லைக் காப்பாற்ற முடியவில்லை. நட்ட வரிசை வரிசையாகக் காய்ந்து, மிதித்தால் நொறுங்கியது. குழியில் அசோலா சிவந்து செத்தது. டிரம்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசி டிரம்மின் அடியிலிருந்து அவன் கையால் வழித்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு மூட்டை வாங்கிப் போடலாமேடா" என்றாள் அக்கா. "நான் வேணா வேலை முடிஞ்சு வரும்போது ஆட்டோல வச்சு எடுத்துட்டு வரேன்."

"வேணாம்."

"பசியில கத்துதுடா."

"வாயாடி எப்பத்தான் கத்தல?"

சொல்லிவிட்டானே தவிர அவனுக்கும் அந்தச் சத்தம் வேறு என்று தெரியும். காய்ந்த தட்டையைக் கைப்பிடி கைப்பிடியாக அளந்து போட்டான். சரியாகச் சாப்பிடுவதில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தான்.

பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் மழை கொட்டியது. விட்டு விட்டுச் சில நாள். செத்துவிட்டது என்று நினைத்த சோளம் அடியிலிருந்து தளிர்த்துக்கொண்டு கிளம்பியது. கரும்பச்சை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கொட்டகையிலிருந்து மாடுகள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

வாயாடி சினையாக இருந்தது. அதைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா, அக்காவும் தம்பியும் பக்கத்தில் நிற்க, கையுறையைக் கழற்றிக்கொண்டே பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சோளம் காஞ்சு போய்த் திரும்பத் தளிர்த்ததுதானே?"

"ஆமாங்க" என்றான் டிரைவர்.

"பூ எடுக்கிற வரைக்கும் பச்சையா ஒரு தாள்கூடப் போட்டுராதீங்க. இந்தக் குருத்துல விஷம் இருக்கும். தின்ன கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டிச் சாகும். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நிறையப் பார்த்துட்டேன்."

அவர் போனதும் டிரைவர் சோளப் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டினான். அக்காவின் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துத் துண்டு துண்டாக அதில் முடிந்தான். "வேற யாராச்சும் தெரியாம வெட்டிறப் போறாங்க" என்றான்.

சோளம் பூ எடுப்பதற்கு முன்னால் ஒருநாள், சலவை மெஷின் பழுதாகி அக்கா காலையிலேயே திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது வாயாடியின் சத்தம் இல்லை. கேட் சத்தத்துக்கு அது கத்தாமல் இருந்ததே இல்லை. அக்கா பையைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

பெரியவள் கால்களை விறைத்து நீட்டிக்கொண்டு கிடந்தாள். வாயில் நுரை. தொட்டிக்குள் கரும்பச்சைத் தாள்கள், பாதி மென்றதும் மெல்லாததுமாக. வாயாடி சுவரோரமாகச் சரிந்து கிடந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணைப் புரட்டி அவளைப் பார்த்தது. கத்த முடியவில்லை. கன்றைப் பால் மறக்கடிப்பதற்காக முன்பக்க மரத்தடியில் கட்டியிருந்ததால் அது மட்டும் தப்பித்து, ஒன்றும் தெரியாமல் நின்றது.

அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். பக்கத்தில்தான் எங்கோ இருப்பதாகவும் உடனே வருவதாகவும் சொன்னார். பிறகுதான் தம்பியைத் தேடினாள்.

கொட்டகைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். உதட்டோரம் கடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. வலிப்பு வந்து போயிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே அரிவாள். அவன் உள்ளங்கையும் நகக்கண்ணும் பச்சை. சிவப்புத் துணி முடிந்த கயிறு ஒரு பக்கம் அறுந்து கிடந்தது. அந்த இடத்தில் சோளம் வெட்டுப்பட்டிருந்தது, கொஞ்சமும் கோணல் இல்லாமல்.

அக்கா அங்கேயே நின்றாள். பசியில் மாடு கத்தியிருக்கும். கை பழகியதைச் செய்திருக்கிறது.

அரிவாளை எடுத்துக் கழுவிச் சுவரில் மாட்டினாள். ஈரத் துணி கொண்டுவந்து அவன் கையைத் துடைத்தாள். அவன் முனகினான், விழிக்கவில்லை. நகக்கண்ணில் பச்சை போகவில்லை. அவள் தன் விரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தாள். ஆஸ்பத்திரித் துணியில் கறை எடுத்துப் பழகியவள். என்ன செய்கிறோம் என்று அப்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை. கிணறு மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். அதற்கு மேல் கொஞ்ச நேரம்தான் வாயாடி இருந்தது. ஆட்கள் பேசும் சத்தத்தில் டிரைவர் எழுந்து தள்ளாடிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நின்றான். முதலில் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. தொட்டியைப் பார்த்தான். பிறகு விளங்கியது.

"யாருக்கா?" என்றான். "யார் போட்டது?"

"நான்தான்டா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"காலைல போகும்போது ரொம்பக் கத்துச்சு. மனசு கேக்கல. அந்தக் கோடியில கொஞ்சம் முத்தினதா தெரிஞ்சுது. வெட்டித் தொட்டியில போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

"உங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுத்தானேம்மா சொன்னேன்?" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் இப்படிப் பண்ணா நான் என்ன செய்யட்டும்?"

டிரைவர் அக்காவை அடிக்க வருவதுபோல வந்தான். பக்கத்தில் வந்ததும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். பெரியவளின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதான். "என் ஒருத்தன் உழைப்பு இது, என் ஒருத்தன் உழைப்பு" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவன் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. லைசென்ஸ் போனபோதுகூட அழவில்லை.

ஜேசிபி வந்து வாய்க்கால் ஓரமாகக் குழி எடுத்தது. வாயாடியின் வயிற்றுக்குள் இருந்ததும் அதோடு போயிற்று.

அன்றிலிருந்து அவன் அக்காவிடம் பேசவில்லை. அவள் தட்டில் வைத்தால் சாப்பிடுவான், மாத்திரையை நீட்டினால் வாங்கிப் போடுவான். முகத்தைப் பார்க்க மாட்டான். மிச்சமிருந்த கன்றை அவள் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டான். கொட்டகைக்கு ஒரு கதவு செய்து பூட்டுப் போட்டான். டீக்கடையில் யார் கேட்டாலும், "எங்கக்கா பண்ண வேலை. தெரிஞ்சே போட்டா" என்றான். சொல்லச் சொல்ல அந்தப் பேச்சு கெட்டிப்பட்டது. பஸ் ஸ்டாப்பில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். சலவைப் பிரிவில் கூட வேலை செய்தவள் ஒருத்தி ஆவி பறக்கும் மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டே விட்டாள்.

"ஏன்க்கா, தம்பி மேல ஏதாச்சும் ஆத்திரமா?"

அக்கா விரிப்பை உதறி மடித்தாள். "அவசரத்துல பண்ணிட்டேன்" என்றாள். சொல்லிச் சொல்லி, சில நாள் அவளுக்கே அது நடந்ததாகத் தோன்ற ஆரம்பித்தது. விடியற்காலை இருட்டில் தான் குனிந்து சோளம் வெட்டுவது கண்ணில் தெரிந்தது. இருக்கட்டும், என்று நினைத்துக்கொண்டாள். அவன் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. கோபம் அவனை நடமாட வைத்துக்கொண்டிருந்தது. திரும்பவும் மண்ணைக் கொத்தினான். கருகிய புல் தூர்களை வெட்டிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினான். அவை குபுகுபுவென்று கிளம்பின. தின்பதற்கு ஒரு கன்று மட்டும் இருக்கும் வீட்டில் தீவனம் ஆள் உயரத்துக்கு நின்றது.

பால்காரருக்கு இந்த வீட்டில் இப்போது வேலை இல்லை. ஆனாலும் மாடுகள் போன மறு வாரமே அவர் அக்காவை பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர். அன்று மட்டும் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"லாண்டரியக்கா, நான் அன்னைக்குக் காலைல பஞ்சர் ஒட்டிட்டு லேட்டாத்தான் வந்தேன். டிரைவர் சோளத்துக்குள்ள குனிஞ்சு நின்னு வெட்டிட்டு இருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பல. ஏதோ யோசனைல இருக்காருன்னு கேனை எடுத்துட்டுப் போயிட்டேன். என்னமோ நீங்கதான் வெட்டினதா சொல்றீங்களாமே?"

"நீங்க எதையும் பார்க்கல."

"கண்ணு என்ன பொட்டையா எனக்கு?"

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். பார்க்கல. அவ்வளவுதான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மாதங்கள் போயின. டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது பால்காரர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

"இப்பவாச்சும் பேசறாரா உங்க தம்பி?"

"இல்ல."

"என்ன மனுஷன்க்கா அவரு. நான் அவ்வளவு சொல்லியும்."

அக்கா நின்றாள். "என்ன சொன்னீங்க?"

இவளுக்குத் தெரியாது என்பது பால்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. "கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னதுக்காக நானும் ரொம்ப நாள் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். டீக்கடையில உக்காந்துக்கிட்டு உங்களைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசினாரு. தாங்கல. வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டேன். வெட்டினது நீங்கதான் டிரைவர், நான் இந்தக் கண்ணால பார்த்தேன்னு. அது ஆச்சு, ரெண்டு மூணு மாசம்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. டீயைக் குடிச்சு முடிச்சாரு. போயிட்டாரு."

அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் கொட்டகைக்குள் கன்றுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தான். கதவு திறந்திருந்தது. அவள் இவ்வளவு நாள் மிதிக்காத அந்த வாசலுக்குள் போனாள். அவன் தலையைத் தூக்கி, வெளியே போ என்பதுபோலக் கையைக் காட்டினான்.

"உனக்குத் தெரியுமாமே" என்றாள்.

அவன் கை நின்றது.

"பால்காரர் சொன்னார். அப்பவே உனக்குத் தெரியும்னு."

அவன் நறுக்கிய புல்லை ஒதுக்கினான். மறுபடி சேர்த்தான். "தெரியும்" என்றான். பல மாதம் பேசாத குரல் கரகரத்தது.

"தெரிஞ்சுமாடா?"

"அவன் சொல்றதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். காலைல டீ போட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. நீ வெட்டியிருந்தா அவ்வளவு சீராவா வெட்டுவே? உனக்கு அரிவாள் பிடிக்கவே வராது."

"அப்புறம் ஏன்டா?"

கன்று அவன் சட்டையை நக்கிக்கொண்டிருந்தது.

"பழிய நீ எடுத்துக்கிட்டே. நான் வாயைத் திறந்தா அது எங்கிட்ட வந்துரும். அதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லாம இருக்க இருக்க உன் மேல நிஜமாவே கோபம் வந்துச்சுக்கா. நீ எதுக்கு என்னை இப்படி ஒரு ஆளா ஆக்கினியோன்னு."

அவன் விழுந்துவிடக் கூடாது என்று அவள் பொய் சொன்னாள். அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்றுகொண்டு அவன் அவளையே இத்தனை நாளும் மிதித்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து அவன் மேல் எறியலாம் என்றிருந்தது. கையில் கிடைத்தது புல்தான். அதைக் கீழே போட்டாள்.

"பஸ் ஸ்டாப்புல ஒருத்தி எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. தெரியுமா?"

"தெரியும்."

"நாளைக்கு டீக்கடையில போய்ச் சொல்லு. நான்தான்னு சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

அக்கா பெட்டியைக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலை பார்க்கும் பெண்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. கட்டில் காலியாக இருக்கிறதா என்று கேட்டு வைத்தாள். இருக்கிறது என்றார்கள். போகும் நாள் காலையில், பழக்கத்தில் மாத்திரை டப்பாவைத் திறந்து காலைக்கு, மத்தியானத்துக்கு, ராத்திரிக்கு என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது. அவள் இல்லாவிட்டால் இதை யார் வைப்பார்கள் என்பதற்கு எந்தப் பக்கம் யோசித்தாலும் பதில் இல்லை. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மன்னித்ததால் அல்ல. வேறு வழி தெரியவில்லை.

கன்றுக்குத் தடுப்பூசி போட டாக்டரம்மா ஒருநாள் வந்தார். அக்கா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். டிரைவர் கன்றின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்காவது பார்த்துப் போடுங்க" என்றார் டாக்டரம்மா, ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டே. "உங்கக்காவை இந்தப் பக்கம் விடறீங்களா?"

டிரைவர் சொன்னான். "அன்னைக்குப் போட்டது அக்கா இல்லைங்க. நான்தான். எனக்கு வலிப்பு வந்துட்டு ஞாபகமில்லாமப் போட்டுட்டேன். அக்கா எனக்காகப் பொய் சொல்லுச்சு."

எவ்வளவு காலமாக வாய்க்குள் வைத்திருந்தானோ, மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். டாக்டரம்மாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ மாடு ஈனும்போது கன்று மாட்டிக்கொண்டதாம்.

"சரி சரி, ஆடாமப் பிடிங்க" என்றார். ஊசியைக் குத்தி எடுத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினார். அவருக்கு ஊரெங்கும் மாடுகள். இந்த வீட்டில் யார் எதைப் போட்டார்கள் என்பது அவர் மனசில் ஓரமாகக்கூட நிற்கவில்லை.

டிரைவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். அக்கா காதில் விழுந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. இதற்காக அவன் எவ்வளவு பயந்திருப்பான் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் மனசுக்குள் எதுவும் இறங்கவில்லை. அடுப்பில் கொதித்ததைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவன் டீக்கடைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறான். பால்காரர்தான் வந்து சொன்னார். கேட்டவர்கள் கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டினார்களாம். பிறகு ஒருவர், வலிப்புக்காரன் கையில் அரிவாளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாளே அந்த அக்கா, அவளைச் சொல்ல வேண்டும் என்றாராம். இதையும் பால்காரர் ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு ஒளிக்கத் தெரியாது.

"கன்னுக்குட்டிய நீங்க எடுத்துக்கோங்க" என்றாள் அக்கா அவரிடம். "இந்த வீட்டுல இனி மாடு வேணாம்."

உள்ளேயிருந்து தம்பி ஏதாவது சொல்வான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. கன்று பால்காரரின் ஆள் பின்னால் தயங்கித் தயங்கிப் போனது. கேட் வரைக்கும் டிரைவர் கூடவே நடந்தான். அதற்கு மேல் போகவில்லை.

புல் மட்டும் நிற்கவில்லை. வெட்ட வெட்டத் தழைத்தது. வெட்டாவிட்டால் முற்றிக் கொட்டகைக் கூரையில் சாய்ந்தது. அதனால் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அக்கா வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் அவன் அரிவாளைத் தொடலாம் என்று ஒரு ஏற்பாடு. அவள் கட்டிலை வரப்பில் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவன் வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்குவான். பால்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். பதிலுக்குக் காலையில் ஒரு பாத்திரம் பால் வைத்துவிட்டுப் போவார். டிரைவரோடு அவர் இப்போது ஜோக் அடிப்பதில்லை.

இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மோட்டார் போட்டாச்சா, பஸ் வந்துச்சா, மாத்திரை போட்டியா. அவ்வளவுதான் பேச்சு. ஒரு காலையில் அவள் நீட்டிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அவன் கேட்டான்.

"நம்ம புல்லைத் தின்ன மாட்டுப் பாலாக்கா இது?"

"தெரியல" என்றாள் அக்கா. "அவர் எல்லாத்தையும் ஒண்ணாத்தானே ஊத்துவார்."

அவன் தலையாட்டினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.